கட்டம் போட்ட சேலையில் வந்த அலை

இளம்பிள்ளையில் சேலை வியாபாரம் செய்யும் ஓர் அக்காவின் வெப்சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். அக்கா என்றால் உறவில் இல்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிறார், என்னைவிட மூத்தவர், அதனால் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் தறி ஓட்டுகிறார். அந்தத் தறிகளில் இறங்கும் சேலைகளையும் அக்கம்பக்கத்தில் எடுக்கும் சேலைகளையும் அக்கா விற்கிறார். நான் முன்பு ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் லேபைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது வேலையை விட்டேன். வீட்டில் இருந்தபடி செய்ய ஒரு வேலை வேண்டியிருந்தது. அக்காவுக்குத் தளத்தைக் கட்டிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் வேலைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. காலையில் வெயில் ஏறுவதற்கு முன் அக்கா மொட்டை மாடிக் கொடியில் சேலையை விரித்துப் போட்டுத் தன் போனில் படம் எடுப்பார். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும் என்பதால் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒவ்வொரு படத்துக்கும் சேலை எண்ணைப் பெயராக வைத்து ஒரே ஃபோல்டரில் போடுவேன். பிறகு ஒரு கட்டளை. கம்ப்யூட்டர் தளம் முழுவதையும் முதலிலிருந்து புதிதாகக் கட்டும். இதை பில்டு என்போம். பில்டு ஓடும்போது எழுந்து போய் அடுப்பைக் கவனிப்பது என் வழக்கம்.

முதலில் அந்த பில்டில் படங்களுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் இல்லை. அக்கா எடுத்த படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகவே தளத்துக்குப் போனது. இளம்பிள்ளையில் எங்கள் வீட்டு வைஃபையில் பார்க்கும்போது அது குறையாகத் தெரியவில்லை. பரமத்தி வேலூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் அக்காவுக்குப் போன் செய்த பிறகுதான் தெரிந்தது. அவருக்கு ஆற்றோரம் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும். கொடிக்காலுக்குள் நின்றால் சிக்னல் ஒரு கோடு வரும், போகும்.

"ஏனுங்க்கா, உங்க கடையில ஒரு சேல தொறக்கறதுக்குள்ள நான் ஒரு கவுளி வெத்தல கிள்ளி முடிச்சர்றனுங்க" என்றாராம். கவுளி என்றால் நூறு வெற்றிலைக் கட்டு.

அக்கா அதை அப்படியே என்னிடம் வந்து சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்று மாலையே அதற்கு வழி தேட உட்கார்ந்தேன். வழி புதிதல்ல, உலகம் முழுக்கச் செய்வதுதான். ஒரே படத்தை நானூறு புள்ளி அகலத்தில் ஒன்று, அதைவிடப் பெரிதாக ஒன்று, இன்னும் பெரிதாக ஒன்று என்று பல அளவுகளில் நகல் எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தில் அவற்றையெல்லாம் எழுதி வைத்துவிட்டால், பார்ப்பவரின் போனே தன் திரைக்கு எது போதுமோ அதை மட்டும் இறக்கிக்கொள்ளும். கொடிக்காலுக்குள் இருக்கும் சின்ன போனுக்குச் சின்ன நகல். வீட்டில் பெரிய திரையில் பார்ப்பவருக்குப் பெரிய நகல். நகல் எடுக்கும் வேலையை பில்டுக்குள்ளேயே சேர்த்துவிட்டேன். ஒரு சேலைக்கு ஒரு படம் போட்டால் போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

வேலூர்ப் பெண் மறுபடி போன் செய்து, இப்போது சேலை உடனே வந்துவிடுகிறது, வெற்றிலை கிள்ளத்தான் நேரமில்லை என்றார். அதிலிருந்து மாதம் ஒரு சேலையாவது அவர் வீட்டுக்கோ அவர் சொல்லி வேறு வீட்டுக்கோ போகும். முன்பின் பார்க்காத ஒருவர் எங்களுக்கு இவ்வளவு செய்கிறாரே என்று நானும் அக்காவும் பேசிக்கொள்வோம்.

அவருடைய தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கத்துக் கல்யாணத்தில் இணைச்சீர் உண்டு. மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோ புதுச் சேலை கட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நிற்க, அவளுக்குச் செய்யும் சீர் அது. இணைச்சீர்க்காரி என்றால் அன்றைக்கு மணப்பெண்ணுக்கு அடுத்தபடி எல்லோர் கண்ணும் அவள்மேல்தான். தம்பிக்கு ஒரே அக்கா இவர். அந்தச் சேலையை எங்கள் தளத்தில்தான் தேர்ந்தெடுத்தார். இளம்பச்சையில் அரக்கு நிறக் கோடு ஓடும் பொடிக்கட்டம், அரக்குக் கரை. அக்கா அதைத் தன் கையாலேயே மடித்து, கூடவே ஒரு மஞ்சள் கொம்பும் வைத்துப் பார்சல் அனுப்பினார்.

பார்சல் போய்ச் சேர்ந்த அன்று போன் வந்தது. வந்தது தான் கேட்ட சேலை இல்லை என்றார். தான் பார்த்ததில் பச்சைக்குள் தண்ணீர் அலை மாதிரி மேலிருந்து கீழே வளைந்து வளைந்து ஓடியது, அந்த அலைக்காகத்தான் அதை எடுத்தது, வந்திருப்பது வெறும் கட்டம்.

அக்கா சேலை எண்ணைச் சரிபார்த்தார். சரியாகத்தான் இருந்தது. என்னைக் கூப்பிட்டார். என் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன், கட்டம்தான். அக்காவின் போனில் பார்த்தோம், கட்டம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னோம். அவர் போனில் சத்தம் குறைக்கும் பொத்தான் உடைந்திருந்ததால் அது முடியவில்லை. தன் வீட்டுக்காரரை அவருடைய போனில் இந்த போனைப் படம் பிடிக்கச் சொல்லி அனுப்பினார். அதில் அலை இருந்தது. ஆனால் சேலையில் மட்டுமா இருந்தது? விலை எழுதிய வெள்ளை இடத்திலும், மேலே கடைப் பெயர் போட்ட இடத்திலும், திரை முழுக்கவும் வானவில் நிறத்தில் வரி வரியாக இருந்தது. ஒரு திரையை இன்னொரு போனால் படம் எடுத்தால் அப்படி வரி விழுவது எனக்குத் தெரியும். அதனால் அவ்வளவுதான் விஷயம் என்று நினைத்து அக்காவிடம் சொன்னேன். அக்கா அதை அவரிடம் சொன்னார்.

"அப்ப என்ர கண்ணு பொய் சொல்லுதுங்களா?" என்று கேட்டுவிட்டு அவர் போனை வைத்துவிட்டார்.

பக்கத்தில் தறி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு மேல் குரல் உயர்த்தி அக்கா சொன்னது எனக்கு இப்போதும் காதில் இருக்கிறது.

"சேல திரும்பி வந்தா இன்னொருத்தருக்குக் குடுத்துக்கலாம் சாமி. படத்துல ஒண்ணக் காட்டி ஊட்டுக்கு வேறொண்ணு அனுப்பறவள்னு பேரு வந்துருச்சுன்னா, அத எங்க கொண்டுபோயி மாத்தறது?"

அவர் பயந்தது நியாயம். வேலூர், ஜேடர்பாளையம், மோகனூர் என்று அந்தப் பெண்ணுக்குச் சொந்தம் விரிந்து கிடந்தது. கல்யாணத்துக்கு அத்தனை பேரும் வருவார்கள். இணைச்சீர்ச் சேலை எங்கே எடுத்தது என்று ஒருவர் கேட்டு, இவர் ஏமாந்த கதையைச் சொன்னால் போதும். அக்கா பல வருஷம் வீடு வீடாகப் பை தூக்கிப் போய்ச் சேர்த்த நல்ல பேர் அது.

மறுநாள் இருவரும் கிளம்பினோம். அக்கா ஒரு பையில் வேறு சில சேலைகளை எடுத்துக்கொண்டார். சேலம் போய், நாமக்கல் போய், அங்கிருந்து வேலூர் பஸ். அக்கா பையை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். இறங்கி ஓர் ஆட்டோ பிடித்து அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனோம்.

வீட்டில் முகம் கொடுத்துப் பேசவில்லை என்று சொல்ல மாட்டேன். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார், பஸ்ஸில் இடம் கிடைத்ததா என்று கேட்டார். சேலையைப் பற்றி மட்டும் அவராக எதுவும் கேட்கவில்லை. அது அட்டைப் பெட்டியோடு மேசைமேல் இருந்தது, மஞ்சள் கொம்பும் அதன் மேலேயே இருந்தது. நான்தான் அவர் போனைக் காட்ட முடியுமா என்று கேட்டேன். கையடக்கமான பழைய போன், ஓரத்தில் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அவரே தளத்தைத் திறந்து, அந்தச் சேலைக்குப் போய், என் கையில் கொடுத்தார்.

அலை இருந்தது.

விலை எழுதிய இடத்தில் இல்லை, கடைப் பெயரில் இல்லை, சேலைக்குள் மட்டும் இருந்தது. கட்டம் கண்ணுக்கே தெரியவில்லை. பச்சை அடர்ந்தும் வெளுத்தும் பெரிய பெரிய வளைவாக, காற்றில் அசையும் தண்ணீர் மாதிரி முந்தானை வரை இறங்கியது. கொடியில் சேலை மடிந்து விழுந்த இடத்தில் வளைவு இன்னும் அழகாகத் திரும்பியது. நானாக இருந்தாலும் அதற்காகத்தான் வாங்கியிருப்பேன். அக்காவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இப்படி ஒரு சேலை எங்கள் ஊரில் யாரும் ஓட்டவில்லையே என்றார்.

எனக்குக் காரணம் புரிந்தது. அந்தச் சின்ன போன் எடுத்துக்கொண்டது நானூறு புள்ளி நகலை. எங்கள் போன்களும் கம்ப்யூட்டரும் அந்த நகலை ஒருநாளும் கேட்டதில்லை. பெரிய படத்தைச் சின்னதாக்க பில்டில் இருந்தது வேகமான முறை. இத்தனை புள்ளிக்கு ஒன்று என்று பொறுக்கி எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடும். வெறும் நிறச் சேலைக்கும் பூப்போட்டதற்கும் அது போதும். பொடிக்கட்டத்தில் அப்படியில்லை. கோடு வரும் இடைவெளியும் பொறுக்கும் இடைவெளியும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால், ஓரிடத்தில் பொறுக்கியதெல்லாம் கோடாக இருக்கும், இன்னோரிடத்தில் ஒரு கோடும் சிக்காது. அந்த ஏற்ற இறக்கம் கண்ணுக்கு அலையாகத் தெரிகிறது.

இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி சுற்றிப் பார்த்தேன். ஜன்னலில் கொசுவலைக் கதவு இரண்டு இருந்தன, ஒன்றன்மேல் ஒன்று நகர்த்துகிற மாதிரி. எழுந்து போய் ஒன்றை இன்னொன்றின்மேல் தள்ளினேன். இரண்டு வலையும் சேர்ந்த இடத்தில் வெளிச்சத்துக்கு எதிராக அலை எழும்பியது. மெல்ல நகர்த்தினால் அதுவும் நகர்ந்தது.

"தப்பு சேலைல இல்லீங்க. அக்கா அனுப்புனதுலயும் இல்லீங்க. படத்தச் சின்னதாக்கற எடத்துல இருக்குது. அது என்ர வேலைங்க" என்றேன்.

அந்தப் பெண் வந்து தானே வலையைத் தள்ளிப் பார்த்தார். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. வெளியே வாழைத்தாரைச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்த அவருடைய வீட்டுக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு போனை ஒருமுறை பார்த்தார்.

"அப்ப நான் ஆசப்பட்ட சேல எங்கயுமே இல்லீங்களா?"

அதற்கு அவர் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "அதுக்கென்ன, கல்யாணத்தன்னைக்கு அந்த ஜன்னலக் கழட்டிச் சுத்திக்கிட்டு நில்லு. ஊரே பாக்கும்."

அந்தப் பெண் சிரித்த பிறகுதான் எங்களுக்கும் சிரிப்பு வந்தது. அக்கா பையைப் பிரித்துச் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்தார். எது பிடித்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள், கட்டத்தை நான் கொண்டு போகிறேன் என்றார். அந்தப் பெண் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றைத் தோளில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றார். பிறகு மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து கட்டத்தையே எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீங்க ஏமாத்தலைன்னு தெரிஞ்சு போச்சுங்க்கா. இனி சேல மேல எனக்கென்னங்க கோவம்?" என்றார். "இதுவே இருக்கட்டும்."

முழு மனதோடு சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. சொல்லிவிட்டு ஒரு கணம் போனைப் பார்த்ததைக் கவனித்தேன். ஆனால் சோறு சாப்பிடாமல் எங்களை விடவில்லை. கிளம்பும்போது ஒரு சீப்புப் பழமும் வெற்றிலையும் பையில் வைத்து, கல்யாணத்துக்கு இருவரும் வர வேண்டும் என்று பத்திரிகையில் எழுதிக் கொடுத்தார்.

ஊருக்கு வந்து பில்டை மாற்றினேன். புள்ளிகளைப் பொறுக்குவதற்குப் பதிலாகப் பக்கத்துப் புள்ளிகளையெல்லாம் கலந்து ஒன்றாக்கும் முறை. என் பழைய கம்ப்யூட்டருக்கு அது பாரம்தான்; குழம்பு கொதித்து இறங்கிய பிறகும் ஓடிக்கொண்டிருக்கும். அலை போய்விட்டது. ஆனால் சின்ன நகலில் கோடும் பச்சையும் கலந்து கட்டமே இல்லாமல் போய்விட்டது. "இப்ப வெறும் பச்சச் சேலையாட்டம் இருக்குது சாமி, இதுவும் பொய்தான்" என்றார் அக்கா. அவர் சொன்னது சரி. அதனால் சின்ன திரைகளுக்கு மட்டும், முழுச் சேலைக்குக் கீழே, உள்ளங்கை அளவு இடத்தை மட்டும் கிட்டத்திலிருந்து வெட்டி எடுத்த ஒரு படமும் வருகிற மாதிரி பில்டில் இன்னொரு வரி சேர்த்தேன். கட்டம் எவ்வளவு பொடி என்பது அதில் தெரியும். சேர்த்ததும் இணைப்பை வேலூருக்கு அனுப்பினேன். உங்கள் போனில் எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. கட்டம் தெரிகிறது, அலை இல்லை, பரவாயில்லை.

அந்தப் பரவாயில்லை என்னைக் கொஞ்சம் உறுத்தியது.

கல்யாணம் வேலூரில் ஒரு மண்டபத்தில். இப்போதெல்லாம் மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய எல்இடி திரை வைத்துவிடுகிறார்கள். பின்னால் உட்கார்ந்தவர்களும் சடங்குகளைப் பார்க்கலாம். அக்காவும் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தோம். இணைச்சீருக்கு நேரமாகி, அவர் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு மேடையேறினார். நேரில் பார்த்தால் இளம்பச்சையில் பொடிக்கட்டம், கச்சிதமாக இருந்தது. கேமராக்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

திரையில் அலை எழும்பியது.

முதலில் தோளில் ஒன்று வளைந்தது. அவர் ஓர் அடி எடுத்து வைத்ததும் கொசுவத்தில் பரவியது. தம்பியின் பக்கத்தில் போய் நிற்கும்வரை அந்தப் பச்சை முழுவதும் தண்ணீர் மாதிரி ஓடிக்கொண்டே இருந்தது. கேமராவும் புள்ளிகளைத்தான் பொறுக்குகிறது, திரையும் புள்ளிகளால்தான் ஆனது. பொடிக்கட்டம் அங்கேயும் தன் வேலையைக் காட்டியது. அவர் வீட்டுக்காரர் மேடைக்குக் கீழேயிருந்து கையைக் காட்ட, அவர் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தார். வாய் கொள்ளாமல் சிரித்தார். ஆடினால் அலையும் ஆடுகிறது என்று கண்டுகொண்டு, யாரும் கவனிக்காத மாதிரி முந்தானையை மட்டும் லேசாக ஒருமுறை அசைத்துப் பார்த்தார்.

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

பந்தியில் எங்களைத் தேடி ஆட்கள் வந்துவிட்டார்கள். இணைச்சீர்க்காரி கைகாட்டி அனுப்பியிருந்தார். அந்த அலைச் சேலை இன்னும் இருக்கிறதா, வேறு நிறம் வருமா என்று கேட்டார்கள். அக்கா சாப்பாட்டைப் பாதியில் நிறுத்திவிட்டு ஒவ்வொருவரிடமும் சொன்னார், அதில் அலை எதுவும் கிடையாது, டிவியில்தான் அப்படித் தெரிகிறது, நெய்தது வெறும் கட்டம் என்று. நம்பாதவர்களை எழுந்து போய்ச் சேலையைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு வரச் சொன்னார். சிலர் உண்மையிலேயே போய்ப் பார்த்தார்கள்.

கடைசியில் இணைச்சீர்க்காரியே வந்து அக்காவின் இலைக்கு எதிரில் நின்றார்.

"ஏனுங்க்கா, வாங்கறதுக்கு வர்றவங்களையெல்லாம் இல்ல இல்லைன்னு தொரத்துறீங்களாமா? இப்படி யாவாரம் பண்ணுனா எப்படிங்க?"

"கட்டம்னு தெரிஞ்சு வாங்கட்டும் சாமி" என்றார் அக்கா. "அலை வந்தா அது அவங்க நேரம்."

இப்போதும் புதுச் சேலைகள் ஏறும் நாளில், பில்டு முடிந்ததும் முதல் இணைப்பு வேலூருக்குத்தான் போகிறது. சின்ன போனில் பார்த்துவிட்டு அவர் சரி என்ற பிறகே தளத்தை மற்றவர்களுக்குத் திறந்துவிடுகிறேன். புதுப் போன் வாங்கித் தருவதாக வீட்டுக்காரர் சொன்னாராம். அக்காவின் கடைக்கு இந்தச் சின்ன போன்தான் வேண்டும் என்று இவர் மறுத்துவிட்டாராம். கொடிக்காலுக்குள் நின்று, சிக்னல் வரும் பக்கம் கையை நீட்டி, எங்களுக்காக ஒருவர் ஒவ்வொரு சேலையாகப் பார்க்கிறார். அந்தப் பதில் வந்து சேரும் வரைக்கும் நான் அடுப்பைக் கவனித்துக்கொண்டிருப்பேன்.